அம்பாசடர் பின்பக்கம் இறங்கினால் முதலில் பட்டையைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஓடுவது இசுஸு எஞ்சின் போட்ட அம்பாசடர் 1800. இந்த வண்டி டிக்கி காலியாக இருக்கும்போதே பின்னால் அமர்ந்து நின்றால், பத்தில் ஒன்பது பேர் "ஷாக்கை மாத்துங்க" என்பார்கள். ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை, ஆட்டத்தைத்தான் அடக்கும். அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்திலிருந்தே பின்பக்க எடையைச் சுமப்பது, வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைதான்.

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இரண்டு பின் டயரிலும் ஒரே காற்று வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது பட்டையின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் சேக்கிளின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் பட்டையின் வளைவு போய்விட்டது.

கழற்றும்போது அவசரம் கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸ் உறுதியாக உள்ள இடத்தில் இருபுறமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பின் ஹவுசிங்கை, அதாவது பின் அச்சின் கூட்டை, தனி ஜாக்கியில் தாங்கி, பட்டையில் இழுவை தளரும்வரை மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒரு கண் அதன்மேலேயே இருக்கட்டும். ஷாக்கின் கீழ்முனை, பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட், சேக்கிள், பட்டையின் முன்முனை போல்ட் என்று வரிசையாகக் கழற்றுங்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டுவிட்டால் மறுநாள் பாதி வேலை மிச்சம்.

கவனமாகச் செய்ய வேண்டியது, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட். அது பிரியும்போது பட்டைகள் துள்ளும். அதனால் இருபுறமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட்டை எடுத்த பிறகு கிளாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, போல்ட் ஓட்டையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவிக் காத்திருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு கோடாகக் கசியும். அந்தப் பட்டை இனி ஆகாது. வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; ஸ்பிரிங் எஃகு வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு பக்கத்திலேயே உடையும்.

வெடிப்பில்லாமல் வளைவு மட்டும் போயிருந்தால், பட்டை வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் கொடுத்து செட்டிங் அடிக்கலாம், அதாவது பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவரலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்து, அப்படியே ஆறவிடுகிற இடத்தில் கொடுக்காதீர்கள். சூடாக்கினால் முறையாகக் குளிர்வித்து மறுபடி பதம் ஏற்றியாக வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் சுத்தியலால் குளிர்நிலையில் அடிப்பதே மேல். கையில் காசு இருந்தால் புது செட் வாங்குவதுதான் என் யோசனை. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் விசாரித்தால் இன்னும் கிடைக்கிறது. எப்படிச் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள்.

"எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு சொருகிடலாம், இல்லன்னா கனமான பட்டையா போட்டுடலாம்" என்பது பலருக்கும் பிடித்த குறுக்குவழி. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படி விகிதத்தில் ஏறும்: 6 மி.மீ. பட்டைக்குப் பதிலாக அதே நீள அகலத்தில் 7 மி.மீ. போட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய 60 சதவீதம் விறைப்பாகிவிடும். பின்சீட்டில் வயதானவர்கள் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகு சொல்லும். எப்போதும் சரக்கு ஏற்றுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். வீட்டு வண்டிக்குப் புது ரப்பர் புஷ்ஷும், பட்டைகளுக்கு நடுவே நைலான் லைனரும், நல்ல ஷாக்கும் போதும். பட்டைகள் உரசும் கிறீச் சத்தமும் போய்விடும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங்கின் குழியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் அச்சு கோணலாகி டயரைத் தின்றுவிடும். யூ போல்ட் புதிதாகவே போடுங்கள். பட்டை முனையின் வளையமான கண்ணிலும் சேக்கிளிலும் உள்ள போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் வந்த பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். இதைப் பல ஒர்க்‌ஷாப்களிலேயே செய்வதில்லை, பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் ஒளி கீழே இறங்கியிருக்கும், அதையும் சரிசெய்துவிட்டே இரவுப் பயணம் போங்கள்.