நீரிழிவு ஆய்வுக்குச் சுண்டெலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி, சோதிப்பது எப்படி?

உடல் பருமனோடு வரும் நீரிழிவை ஆராய எலி தேடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அது எந்த வம்சத்து எலியில் இருக்கிறது என்பதையும் கட்டாயம் கேளுங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் கண்ணில் பட்ட ஓபி/ஓபி எலிக்கு (ஓபி மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானது), பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காது. டிபி மரபணு அதேபோல் பழுதான டிபி/டிபி எலிக்கு லெப்டின் ஏராளமாகச் சுரக்கும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யாது. அதனால் லெப்டின் ஊசி போட்டால் முன்னது இளைக்கும், பின்னது இளைக்காது. இரண்டும் தின்று தின்று பெருக்கும். ஆனால் ஓபி பழுது சி57பிஎல்/6 வம்சத்தில் இருந்தால் கணையத் திட்டுகள் (இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்கள்) வீங்கி இன்சுலினைக் கொட்டும், ஏறிய ரத்தச் சர்க்கரை வயதாக ஆக இறங்கிவிடும். அதே பழுது சி57பிஎல்கேஎஸ் வம்சத்தில் இருந்தால் அந்தத் திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஓய்ந்துபோய் நீரிழிவு முற்றிவிடும். ஆக, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காதது) மட்டும் வேண்டுமென்றால் முதல் வம்சம், கணையம் தோற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது. மனிதர்களுக்கு வருவது பெரும்பாலும் ஒற்றை மரபணுக் கோளாறு இல்லை, அதற்கு நெருக்கமாகப் பார்க்க விரும்பினால் நியூசிலாந்து பருமன் எலியோ, கொழுப்பு மிகுந்த தீனியில் வளர்த்த சாதாரண சி57பிஎல்/6 எலியோ மேல்.

ஓபி/ஓபி பொதுவாகக் குட்டி போடாது. ஓபி மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான ஒல்லி எலிகளை இணைத்தால் நான்கில் ஒன்று பருமனாக வரும். ஒப்பிட அதே ஈற்றில் பிறந்த ஒல்லிகளையே வையுங்கள்.

அப்புறம் குளுக்கோஸ் சோதனை, அதாவது குளுக்கோஸ் கொடுத்து ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள், எலி இரவில்தான் தின்னும், அவ்வளவு நேரம் காயப்போட்டால் கல்லீரலில் சேமிப்பு தீர்ந்து, நீங்கள் அளக்க வந்த எதிர்ப்பே மங்கிவிடும். காலையில் தீனியை எடுத்துவிட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தொடக்க அளவைக் குறித்துக்கொண்டு, குளுக்கோஸை வயிற்றறைக்குள் செலுத்தி, 15, 30, 60, 90, 120 நிமிடங்களில் அளக்க வேண்டும். பயந்த எலிக்குச் சர்க்கரை தானாகவே ஏறும் என்பதால், சில நாள் முன்பிருந்தே கையில் எடுத்துப் பழக்கிவிடுங்கள். மொத்த எடைக்கு இத்தனை என்று மருந்தளவு போட்டால் கொழுத்த எலிக்குக் கூடுதல் குளுக்கோஸ் போய்விடும், அப்போது வரும் உயர்ந்த கோடு பாதி உங்கள் கணக்கால் வந்தது, கொழுப்பு நீங்கிய எடைக்குக் கணக்கிடுவதுதான் சரி. முற்றிய டிபி/டிபியில் பல குளுக்கோமீட்டர்கள் டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் எண்ணே காட்டாது, மாதிரியை நீர்த்து ஆய்வக முறையில் அளந்துகொள்ளுங்கள்.

இன்சுலினுக்கு உடல் எப்படி இணங்குகிறது என்று சோதிக்க இன்சுலின் ஊசி போடும் நாளில் குளுக்கோஸ் கரைசல் பக்கத்தில் தயாராக இருக்கட்டும், கொழுத்த எலிக்குப் போதாத அளவே ஒல்லியைச் சாய்த்துவிடக்கூடும். கூண்டையும் கவனியுங்கள். நீரிழிவு எலி ஓயாமல் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும், வாரம் ஒருமுறை படுக்கை மாற்றும் வழக்கம் இதற்குச் செல்லாது, ஈரத்தைப் பார்த்ததும் மாற்றிவிடுங்கள்.