கொழும்பில இருந்து பரிஸ் போறவங்களுக்கு: மியூசியம் பாஸோட லூவர் பாக்கிறது எப்பிடி

வெள்ளவத்தைப் பக்கம் எந்த வீட்டைக் கேட்டாலும் பரிஸில ஒரு அக்காவோ மாமாவோ இருப்பினம், விசா கிடைச்சுப் போனா கோயில், ஒரு கலியாண வீடு, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல்ல நகைக்கடை புடவைக்கடை, ஈபிள் டவருக்கு முன்னால ஒரு ஃபோட்டோ, அதோட லீவு முடிஞ்சுடும். லூவர் மியூசியம் பாத்தீங்களா எண்டு கேட்டா அந்தக் கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தம், உள்ள போகேல்ல, லைன் பெருசு எண்டு சொல்லுவினம். இதைக் கேக்கிற நேரமெல்லாம் எனக்குக் கவலையா இருக்கும், அவ்வளவு காசு செலவழிச்சு அவ்வளவு தூரம் போய் வாசலோட திரும்புறதா. நான் அம்மா, மனுசி, ரெண்டு பிள்ளையளோட போய் உள்ள முழுசா அஞ்சு மணித்தியாலம் நிண்டு வந்தனான், அதில தெரிஞ்சுகொண்டதை எழுதுறன்.

முதல்ல ஒண்டை மனசில வையுங்கோ, பாஸ் கையில இருந்தா மட்டும் லூவருக்குள்ள விட மாட்டாங்கள். ஒருக்காக் காசு கட்டி கனக்க மியூசியங்களுக்குப் போகக்கூடிய பரிஸ் மியூசியம் பாஸ் வச்சிருக்கிற ஆக்களும் நாள், நேரம் குறிச்சு ஒரு ஸ்லொட் எடுக்க வேணும், லூவர்ட சொந்த டிக்கெட் சைட்டில பாஸ் உள்ளவங்களுக்கு எண்டு தனியா ஒரு வகை இருக்கு, அதைத் தெரிவு செய்தா மேலதிகமாக் காசு இல்லை. நான் இதைத் தலைகீழாச் செய்தனான், கொழும்பில இருந்தே பாஸை வாங்கி வச்சிட்டு பிளேனுக்கு ரெண்டு நாளைக்கு முதல்தான் ஸ்லொட் தேடினா காலைநேரம் ஒண்டும் இல்லை, நாங்கள் நிக்கிற கிழமையில ஒரு பின்னேரம் மட்டும்தான் மிச்சம், அதுக்காக மற்ற எல்லாத் திட்டத்தையும் மாத்த வேண்டி வந்தது. அதால விசா கைக்கு வந்த உடன முதல் வேலையா லூவர் காலண்டரைத் திறந்து உங்கட நாளுகளில இடம் இருக்கா எண்டு பாருங்கோ, இடம் இருந்தா மட்டும் பாஸை வாங்கிப்போட்டு அதே இருப்பில ஸ்லொட்டையும் எடுத்திடுங்கோ. விசாவுக்கு முதல் பாஸ் வாங்கவே வேண்டாம்.

காசு கட்டுற விசயத்தில எங்கட ஆக்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. இங்கத்தை டெபிட் காட்டில வெளிநாட்டு ஒன்லைன் பேமென்ட் சிலவேளை திறந்திருக்காது, பாங்குக்கு கோல் எடுத்தோ அவங்கட அப்பிலயோ முதலே திறந்து வையுங்கோ, ஓடிபி வாறது எங்கட லோக்கல் நம்பருக்குத்தானே, பரிஸில போய் நிண்டு ரோமிங் இல்லாமல் முழிக்கிறதைவிட வீட்டில இருந்தே கட்டிறது நல்லம். இல்லாட்டி அங்க இருக்கிற அக்காட்டச் சொன்னா அவ தன்ர காட்டில எடுத்துத் தருவா. பாஸ் மெயிலில பீடிஎஃப்பா வரும், கியூஆர் கோட்டோட, அதை ஃபோனில சேவ் பண்ணி ஒரு பிரின்டும் எடுத்து வைச்சா நெட் இல்லாட்டியும் பயமில்லை.

பாஸ் லாபமா எண்டு எல்லாரும் கேப்பினம். லூவர் மட்டும்தான் பாக்கப் போறீங்கள் எண்டா வேண்டாம், தனி டிக்கெட் எடுங்கோ. ஆனா 2026 ஜனவரியில இருந்து ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாறவங்களுக்கு லூவர் டிக்கெட் 22 யூரோவில இருந்து 32 யூரோவா ஏறிட்டு, இலங்கை பாஸ்போட் எண்டா அந்த விலைதான், அதால லூவரோட ஓர்சே மியூசியம், வெர்சாய் மாளிகை, சென்ற் சப்பல் தேவாலயம், ஆர்க் து ட்ரியோம்ஃப் வளைவு எண்டு இன்னும் மூண்டு நாலு இடம் போற ஆளுக்கு பாஸ் பக்கம் தராசு சாயும். ஒரு பேப்பர் எடுத்து உண்மையா நீங்கள் போகப்போற இடங்களை மட்டும் எழுதி ஒவ்வொரு டிக்கெட் விலையையும் கூட்டிப் பாருங்கோ, போகலாம் எண்டு ஆசைப்படுற இடங்களைச் சேர்த்தா கணக்குப் பிழைக்கும்.

18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு பாஸ் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், லூவர் அவையளுக்கு ஃப்ரீ, எந்த நாட்டுப் பிள்ளை எண்டாலும். அவையளுக்கும் அதே நேரத்துக்கு ஃப்ரீ டிக்கெட்டை எடுத்து வைச்சு பாஸ்போட்டைக் கையில கொண்டு போங்கோ. அங்க பிறந்து வளந்த மச்சான் மச்சாள்மார் 26 வயசுக்குள்ள எண்டா அவையளுக்கும் ஃப்ரீ, அடையாள அட்டை காட்டினாச் சரி, அதால துணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போறது லேசு. அதோட ஒண்டு, பரிஸ் பாஸ் எண்ட மாதிரிப் பேரில பஸ், படகு எல்லாம் சேர்த்து விக்கிற வேற பாஸுகளும் இருக்கு, நான் சொல்லுறது மியூசியம் பாஸ், அதில மெத்ரோவும் இல்லை, ஈபிள் டவரும் இல்லை.

48, 96, 144 மணித்தியாலம் எண்டு மூண்டு வகை இருக்கு, மணிக்கூடு ஓடத் தொடங்கிறது முதல் இடத்தில ஸ்கேன் பண்ணின நிமிசத்தில இருந்து. இதை வடிவாப் பாவிக்கலாம். லூவர் செவ்வாய்க்கிழமை பூட்டு, ஓர்சேயும் வெர்சாயும் திங்கள் பூட்டு, லூவர் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரைக்கும், ஓர்சே வியாழன் 9.45 வரைக்கும். அப்ப 48 மணித்தியால பாஸ் எண்டா புதன் பின்னேரம் 3 மணிக்கு லூவர்ல தொடங்கி இரவு வரைக்கும் நில்லுங்கோ, வியாழன் காலம்பிற கிமே எண்ட ஆசியக் கலை மியூசியம், பின்னேரம் ஓர்சே, வெள்ளி காலம்பிற சென்ற் சப்பல், அதுக்கும் ஸ்லொட் வேணும், பின்னேரம் 3 மணிக்குள்ள இன்னொரு இடம். மூண்டு நாளிலயும் கால் வைச்சாச்சு. பின்னேர லூவரில இன்னொரு நன்மை, டூர் குறூப்புகள் போன பிறகு அறையள் அமைதியாகிடும், கடைசியில எனக்குக் கிடைச்ச அந்தப் பின்னேர ஸ்லொட்தான் திறம் எண்டு இப்ப நினைக்கிறன்.

போறதுக்கு முதல் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை எங்கட கறுவாத்தோட்டத்துத் தேசிய மியூசியத்துக்குப் போய் வாங்கோ. 1877 இல திறந்த மியூசியம், கண்டி ராசாவின்ர சிம்மாசனம் அங்கதான் இருக்கு. பிள்ளை எவ்வளவு நேரம் சலிக்காமல் நிக்குது, எதைப் பாத்து நிக்குது எண்டு அங்க தெரிஞ்சுடும். முக்கியமா காலியில கிடைச்ச மும்மொழிக் கல்லைக் காட்டுங்கோ, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 எண்டு ஆண்டு போட்டிருக்கு, சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூண்டு மொழி, தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில இருந்த தேனாவரை நாயனார் எண்ட தெய்வத்தைப் போற்றுது. இதை ஏன் சொல்லுறன் எண்டா லூவரில பழைய பாபிலோன் ராசா ஹம்முராபியின்ர சட்டக்கல்லுக்கு முன்னால நிண்டபோது என்ர மூத்தவன் இது எங்கட காலிக் கல்லு மாதிரி எண்டான், அதுக்குப் பிறகு அவனை அந்த அறையில இருந்து கிளப்ப ஏலாமப் போச்சு.

உள்ள போற வழி இதுதான். பரிஸுக்குப் பக்கத்து ஊரான லாக்கூர்நெவ்வில நிக்கிறவங்களுக்கு மெத்ரோ 7 ஆம் லைன் மாறாமல் நேர பலே ருவாயால் மியூசே து லூவர் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விடும். ஸ்லொட் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முதல் பிரமிட்டுக்குப் போங்கோ, நேரம் போட்டிருக்கிற லைனைப் பாத்து நிக்க வேணும், பிறகு பை செக்கிங். பெரிய சூட்கேஸ் எடுக்க மாட்டாங்கள், சின்னப் பையும் ஜக்கெட்டும் லொக்கரில ஃப்ரீயா வைக்கலாம். ஃபோன், பேர்ஸ் கவனம், மெத்ரோவிலயும் பிரமிட்டுக்குப் பக்கத்திலயும் கள்ளர் கூட, பேப்பர் நீட்டி சைன் கேட்டு வாறவங்களோட கதைக்கவே வேண்டாம்.

அம்மா, அப்பா நடக்கக் கஷ்டப்படுறவை எண்டா உள்ள வீல்செயார் ஃப்ரீயாத் தருவாங்கள், ஒரு அடையாள அட்டை வாங்கி வைப்பாங்கள். என்ர அம்மா முதல்ல வேண்டாம் எண்டவ, பிறகு அதில இருந்துதான் எங்கள் எல்லாரையும்விடக் கூடப் பாத்தவ. செருப்பு வேண்டாம், பழகின சப்பாத்து. சாப்பாட்டை முதலே முடிச்சிட்டுப் போங்கோ, காட்சி அறையளில சாப்பிட விடமாட்டாங்கள், பாஸில ஒருக்கா வெளியில வந்தா திரும்பப் போகவும் ஏலாது, பாத்ரூமுக்கும் முதலே போறது நல்லம், பிரமிட்டுக்குக் கீழ உள்ள ஹோலில போயிட்டுத் தொடங்குங்கோ.

கீழ இறங்கினா மூண்டு பக்கம் பிரியும், டெனோன், சுல்லி, ரிஷ்லியு. எல்லாரும் மோனாலிசா எண்டு டெனோனுக்கு ஓடுவாங்கள், நீங்கள் ரிஷ்லியுவுக்குப் போங்கோ. அங்க ஒரு முற்றம் முழுக்க ஈராக்கில உள்ள கோர்சபாத்தில இருந்து வந்த பழைய அசீரிய ராச்சியத்துக் கல்லு, இறக்கை வைச்ச எருதுகள், மனுச முகம், நாலு மீற்றர் அளவில உயரம், அரண்மனை வாசலில காவலுக்கு நிண்டதுகள், கோயில் வாசலில துவாரபாலகரைக் கும்பிட்டுப் பழகின எங்களுக்கு அது என்ன எண்டு ஒராளும் சொல்லத் தேவையில்லை. காலை எண்ணச் சொல்லி பிள்ளையளைக் கேளுங்கோ, அஞ்சு கால், முன்னால நிண்டு பாத்தா அசையாமல் நிக்கிற மாதிரி, பக்கத்தில போனா நடக்கிற மாதிரி. அதுக்குப் பக்கத்திலதான் நான் சொன்ன சட்டக்கல், கறுப்புக் கல்லு, 2.25 மீற்றர், மேல ராசா சூரிய தெய்வத்துக்கு முன்னால நிக்கிறார், கீழ முழுக்க ஆப்பு மாதிரி வடிவில இருக்கிற பழைய எழுத்தில சட்டம். கிட்டத்தட்ட 3,700 வருசத்துப் பழசு.

பிறகு சுல்லி, அங்க மிலோ வீனஸ் எண்ட கிரேக்கத் தேவதை சிலை, அதுக்குக் கீழ்த்தளத்தில பழைய கோட்டைச் சுவரும் இருக்கு, 12 ஆம் நூற்றாண்டில லூவர் ஒரு கோட்டை, அரண்மனையா மாறினது பிறகு, மியூசியமாத் திறந்தது 1793 இல. அங்கயிருந்து டெனோன் பக்கம் வந்தா படிக்கட்டு உச்சியில தலையில்லாத, இறக்கை விரிச்ச சமோத்திராஸ் வெற்றித் தேவதை எண்ட கிரேக்கச் சிலை, அதில ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ, கீழ இருந்தும் பாருங்கோ, பக்கத்தில இருந்தும் பாருங்கோ, காத்தில துணி ஒட்டிக்கிடக்கிற மாதிரி கல்லில செய்திருக்கிறான் மனுசன்.

மோனாலிசா கடைசி. 77 க்கு 53 சென்ரிமீற்றர், கண்ணாடிக்குப் பின்னால, சனத்துக்கு நடுவில ஒரு நிமிசம் கிடைக்கும், பாத்திட்டு அப்பிடியே எதிர்ச் சுவரைப் பாருங்கோ, வெரோனேசே கீறின, பைபிளில வாற கானா ஊர்க் கலியாண வீடு, பத்து மீற்றர் அகலம், பந்தி, மேளகாரர், நாய், பரிமாறுறவங்கள் எண்டு நூறுக்கு மேல ஆக்கள். எங்கட அம்மா அதில யார் மாப்பிள்ளை எண்டு தேடிக் கண்டுபிடிச்சா. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், செல்ஃபி ஸ்டிக் கூடாது. சில அறையள் சில நாளில பூட்டு, ஸ்ட்ரைக் வந்தா முழுக்கவே பூட்டுவாங்கள், போற அண்டைக்குக் காலம்பிற சைட்டை ஒருக்காப் பாருங்கோ.

பாஸ் இருக்கிற ஆக்கள் கிமே மியூசியத்தை விட்டிடாதீங்கோ, 9 ஆம் லைன் இயேனா ஸ்டேசன், செவ்வாய் பூட்டு, ஆசியாக் கலைக்கு எண்டே ஒரு மியூசியம், தமிழ்நாட்டில இருந்து போன சோழர் காலத்து நடராசர் அங்க நிக்கிறார். பொலன்னறுவையில எடுத்த நடராசர் கறுவாத்தோட்டத்தில இருக்கிறதை முதலே பாத்திட்டுப் போனா ரெண்டையும் மனசில பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கலாம், திருவாசி, தூக்கின கால், முயலகன் எண்டு ஒவ்வொண்டா. பரிஸில நிண்டுகொண்டு அம்மா கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தவ, பக்கத்தில நிண்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நிண்டது.

லூவரால வெளியில வந்தா கால் உளையும், பக்கத்தில துயிலறி தோட்டத்தில கதிரையள் சும்மா கிடக்கு, இருந்து அக்கா கட்டித்தந்த ரோல்ஸைச் சாப்பிடுங்கோ. இரவுச் சாப்பாட்டுக்கு 7 ஆம் லைனைப் பிடிச்சு ஸ்தாலின்கிராதில இறங்கி 2 ஆம் லைனுக்கு மாறினா அடுத்த ஸ்டேசன் லாச்சப்பல், அங்க கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் றோட்டிலயே கேக்கும்.