பிக்கப் வண்டிகளில் பிரேக் பேட் சென்சார் எச்சரிக்கை: ‘சென்சார் ஃபால்ட்’ என்று எழுதுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓமன் தலைநகர் மஸ்கத்தின் காலா, வாதி கபீர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர், ஊரில் பிரேக் வேலையைச் சத்தத்தை வைத்தே கற்றவர்கள். பேடின் ஓரத்தில் உள்ள சிறு இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் உரசிக் கீச்சிட்டால் பேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த அமைப்பில் கெட்டுப்போக வயரும் இல்லை, கனெக்டரும் இல்லை. இங்கே அவர்கள் கைக்கு வரும் பெரிய பிக்கப்புகள் சிலவற்றிலோ, பேட் தேய்மானத்தை மின் சென்சார்தான் சொல்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எட்டிப் பார்த்தால் பேட் கனமாகத் தெரிகிறது, உடனே ‘சென்சார் ஃபால்ட்’ என்று வேலை அட்டையில் எழுதிவிடுகிறார்கள். மணலும் வெயிலும் மிகுந்த இந்த நாட்டில் சென்சார் வயர்கள் உண்மையிலேயே கெட்டுப்போவதால், அந்த ஊகம் பல நேரங்களில் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனாலேயே அது ஒரு பழக்கமாகிவிடுகிறது. தொடக்க காலத்தில் நானும் அதே வழியில் போனவன் என்பதால், அது எவ்வளவு எளிதில் தொற்றும் என்பதை அறிவேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பது போன்ற எல்லாரும் அறிந்த எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

சிவப்பு விளக்கையும் பேட் விளக்கையும் ஒன்றாகக் கொள்வது

பேட் தேய்மானத்துக்கான குறி என்பது ஒரு வட்டமும், அதன் இருபுறமும் விட்டுவிட்டு வரைந்த வளைகோடுகளும் ஆகும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள சிவப்பு விளக்கு வேறு. ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதையோ பிரேக் ஆயில் குறைந்திருப்பதையோதான் அது பெரும்பாலும் சொல்கிறது. பேட் சென்சாரே இல்லாத பிக்கப்புகளில் இந்தச் சிவப்பு விளக்குதான் மறைமுகமாகப் பேடின் நிலையையும் காட்டிக்கொடுக்கும். பேட் தேயத் தேய, அதை டிஸ்கில் அழுத்தும் கவ்வியான கேலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது, அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது, டப்பாவில் உள்ள மிதவை தாழ்ந்து விளக்கைப் போடுகிறது. அப்போது ஆயிலை ஊற்றி நிரப்பி வண்டியை அனுப்பிவிட்டால், இருந்த ஒரே எச்சரிக்கையையும் அழித்தவர்கள் ஆகிறோம். பிறகு புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, அதிகமாக ஊற்றிய ஆயில் டப்பாவின் வாய் வழியே பொங்கி வழிந்து, படும் இடத்திலெல்லாம் பெயிண்ட்டை அரித்துவிடும்.

இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கி விளக்கை அணைப்பது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் யாரோ ஒருவர் இதைச் செய்கிறார், ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

இரட்டை வயர் சென்சாரின் வேலை மிக எளியது. பேடின் உராய்வுப் பொருளுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மெல்லிய வயர் ஒரு வளையமாகப் பதிந்திருக்கும். அதன் வழியே மின்னோட்டம் போய்த் திரும்பும்வரை பேட் நல்ல நிலையில் இருப்பதாக வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி எடுத்துக்கொள்ளும். உராய்வுப் பொருள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க் அந்த வளையத்தை அறுத்துவிடும், மின்சுற்று முறியும், விளக்கு எரியும். வயர் சேசிஸ் ஓரத்தில் எங்கேனும் அறுந்தாலும், கனெக்டரின் உலோகப் பின்னில் துரு ஏறினாலும், முறிவது இதே சுற்று, எரிவது இதே விளக்கு. கோளாறு வரும்போது விளக்கு எரியாமல் இருந்துவிடுவதைவிட எரிவதே பாதுகாப்பானது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே தேய்ந்த பேடையும் அறுந்த வயரையும் விளக்கை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஸ்கேனரில் ‘சர்க்யூட் ஓப்பன்’ என்று வந்தாலும் அது இரண்டுக்கும் பொதுவான தகவலே. வயரில் கோளாறு என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

வயரை முறுக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அனுபவமுள்ள ஃபோர்மேன், கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே ஒரு துண்டு வயரைச் செருகிப் பார்ப்பார். விளக்கு அணைந்தால் வண்டிப் பக்கத்து வயரிங் நன்றாக உள்ளது, கோளாறோ தேய்மானமோ சென்சார் பக்கத்தில்தான் என்பது உறுதியாகும். அது ஒரு நிமிடச் சோதனை. முடிந்ததும் அந்தத் துண்டு வயரை எடுத்துவிட வேண்டும். அருகில் நின்று பார்க்கும் தம்பியின் மனத்தில் சோதனையின் காரணம் பதிவதில்லை, விளக்கு அணைந்தது மட்டும் பதிகிறது. அடுத்த வண்டியில் அவர் சென்சாரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி, வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

ஜபல் அல் அக்தர் மலைக்குக் காய்கறியும் குடிநீர்ப் பெட்டிகளும் ஏற்றிச் செல்லும் ஒரு பிக்கப்பில் இப்படித்தான் நடந்தது. விளக்கு எரிகிறது என்று ஓட்டுநர் வண்டியைக் கொண்டுவந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி சக்கரத்தைக் கழற்றாமல், அதன் இடைவெளி வழியே டார்ச் அடித்து வெளிப்பேடைப் பார்த்திருக்கிறார். பாதிக்கு மேல் கனம் இருந்தது. சென்சார் பதிந்திருந்ததோ அதே சக்கரத்தின் உள்பேடில். அந்தக் கேலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் காய்ந்து இறுகியிருந்தன. பிஸ்டன் உள்பேடை அழுத்தியது, ஆனால் கேலிப்பர் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துச் சேர்க்கவில்லை. வெளிப்பேட் கனமாகத் தெரிந்ததே அந்தப் பக்கத்தில் கோளாறு இருந்ததற்கான அறிகுறி. சென்சார் உண்மையைச் சொன்னது. அதைத்தான் வெட்டி எறிந்தார்கள்.

சில வாரங்களில் அந்த வண்டி ரெக்கவரி வண்டியின் மேல் வந்தது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள சைக் பீடபூமியிலிருந்து பிர்கத் அல் மவ்ஸுக்கு இறங்கும் அந்தச் சாலையில், நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டிகளைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்பதற்கென்று தப்பிப்பாதைகளும் அமைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று தரைவரை போனதாக ஓட்டுநர் சொன்னார். கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையிலேயே ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். “விளக்கு அணைஞ்சிருந்துச்சே அண்ணே, அதை நம்பித்தானே ஏறினேன்” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பெடல் இறங்கியதன் காரணம் தெளிவானது. உராய்வுப் பொருள் பிரேக்கைப் பிடிப்பதோடு, டிஸ்கின் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகாமல் ஓரளவு தடுக்கவும் செய்கிறது. அது முழுவதும் தேய்ந்து இரும்புத் தகடே டிஸ்கில் உரசும்போது, சூடு நேராகப் பிஸ்டனுக்குள் இறங்குகிறது. டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய நிலைக்கு வகுத்திருக்கும் வரம்பு 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு அவை 230, 155. பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டால், பெடலின் அழுத்தம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். அந்த வண்டிக்கு முன் டிஸ்க் இரண்டு, ஒரு கேலிப்பர், இருபுறப் பேட்கள், புதிய ஆயில், வெட்டிய இடத்திலிருந்து புதிய வயர் என்று எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சென்சாரின் விலையை இதனோடு வைத்துப் பேசவே முடியாது.

சரியான வரிசை இதுதான். முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். விளக்குக்குக் காரணமான சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதே அச்சின் மறுபக்கத்தையும் கழற்ற வேண்டும், ஏனெனில் பல வண்டிகளில் ஓர் அச்சுக்கு ஒரே ஒரு சென்சார்தான் உண்டு. உள்பேட், வெளிப்பேட் இரண்டின் உராய்வுப் பொருளையும் மேல்முனை, கீழ்முனை என இரு இடங்களில் அளக்க வேண்டும். பின்னால் உள்ள இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டுப் பேட் நன்றாக உள்ளது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பேட்களும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் இருந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்கும் உரிமை நமக்கு வருகிறது. அதன்பின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் சென்சார் பக்கத்தின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது வயரை விரலால் வளைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், உறைக்குள் அறுந்த வயர் அசையாத நிலையில் ஒட்டிக்கொண்டு நல்லதுபோலக் காட்டும். டிஸ்கைத் தொட்டதும் எர்த் ஆகி விளக்கைப் போடும் ஒற்றை வயர் சென்சார்களில் கணக்கு தலைகீழ்: உறை தேய்ந்து சேசிஸில் படும் வயர் பொய்யான எச்சரிக்கையைத் தரும், அறுந்த வயர் எந்த எச்சரிக்கையுமே தராது. எந்த வகை என்று அறியாமல் மீட்டரை வைப்பதில் பயனில்லை.

மினுக்கும் விளக்கை லூஸ் கனெக்‌ஷன் என்று முடிவு கட்டுவது

விட்டுவிட்டு எரியும் விளக்கைக் கண்டால் கனெக்டரைக் கழற்றி மாட்டி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. உயர் அழுத்த நீரால் அடிப்பக்கம் கழுவிய மறுநாள் விளக்கு வந்து, காய்ந்ததும் போய்விட்டால் கனெக்டரில் நீர் புகுந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் உண்மையான தேய்மானமும் தொடக்கத்தில் மினுக்கவே செய்யும்: புதிதாக அறுந்த வளையத்தின் இரு முனைகளும் டிஸ்கில் படும்போது, டிஸ்கின் இரும்பே அவற்றை இணைத்துவிடுவதால் விளக்கு ஒரு கணம் அணையும். பிரேக் மிதிக்கும்போதும் விடும்போதும் விளக்கின் நிலை மாறுகிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். மாறினால் முதலில் பேடைப் பாருங்கள்.

பழைய சென்சாரைப் புதிய பேடில் மாட்டுவது

டிஸ்க் ஒருமுறை தொட்ட சென்சார் முடிந்துபோனது.

உயர்த்திய வண்டியில் பழைய நீளத்து வயர்

பாலைவனப் பயணத்துக்காக சஸ்பென்ஷனை உயர்த்திய பிக்கப்புகள் இங்கே ஏராளம். உயர்த்துபவர்கள் பிரேக் ஹோஸின் நீளத்தைக் கவனிப்பார்கள், பக்கத்தில் போகும் மெல்லிய சென்சார் வயரைக் கவனிப்பதில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போது வயர் போதுமான தளர்வோடு தெரியும். மணல்மேட்டில் ஒரு சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது அது இழுபட்டு, கனெக்டரின் பின்னால் உள்ளேயே அறுந்துவிடும். மாதத்துக்கு ஒரு சென்சாரை மாற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் பாகம் மட்டம் என்று குறைசொல்வதில் பொருளில்லை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை முழுத் தொங்கலில் விட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, அப்போதும் தளர்வு இருக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வயரைப் பிடித்துவைக்கும் கிளிப்புகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். கேலிப்பரைக் கழற்றும்போது உடைந்த ஒரு கிளிப்புக்குப் பதிலாக வயரை ஹோஸோடு இறுக்கிக் கட்டிவிடுவது, அடுத்த பொய் எச்சரிக்கைக்கு நாமே நாள் குறிப்பதாகும்.

திரையில் தெரியும் சதவீதத்தை அளவாக எடுத்துக்கொள்வது

2019-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஷெவர்லே சில்வராடோ 1500, அதே அடித்தளத்தில் உருவான ஜிஎம்சி சியரா 1500 ஆகியவற்றில், இந்த வசதி உள்ள வண்டிகள் முன் பேட்களுக்கும் பின் பேட்களுக்கும் மீதமுள்ள ஆயுளைச் சதவீதமாகத் திரையில் காட்டும். அது ஒரு மதிப்பீடு. பேட் மாற்றியபின் அந்த அச்சுக்கான கணக்கை ரீசெட் செய்ய வேண்டும் என்று அவற்றின் கையேடு சொல்கிறது. ரீசெட் செய்யாமல் விட்டால், புதிய பேடோடு போன வண்டி எச்சரிக்கையோடு திரும்பி வரும், அதைச் சென்சார் கோளாறு என்பார்கள். இதைவிட மோசமானது, எச்சரிக்கை வந்ததும் பேட் மாற்றாமலே ரீசெட் செய்து 100 சதவீதம் காட்டவைப்பது. அடுத்ததாக அந்த வண்டியை வாங்குபவர் அந்த எண்ணை நம்புவார்.

சென்சார் முனையில் கிரீஸ்

கனெக்டருக்குள் மெல்லியதாக மின்காப்பு கிரீஸ் பூசலாம். பேடின் பக்கம் ஒரு துளியும் படக் கூடாது.

சென்சாருக்கு இடமில்லாத பேடை வாங்கிப் போடுவது

விலை குறைந்த பேட்கள் சிலவற்றில் சென்சார் செருகும் குழி இருக்காது. பேடைப் போட்டுவிட்டுச் சென்சாரை ஓரமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வளையம் அறுபடாததால் விளக்கு எரியாது, பேட் எவ்வளவு தேய்ந்தாலும் எரியாது. சரியான பேட் கிடைக்காத நிலையில் உரிமையாளரே இதைக் கேட்டு வாங்கினால், இனி விளக்கு எச்சரிக்காது என்பதை அவருக்கு விளக்கி, வேலை அட்டையில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அளவுகளை எழுதாமல் விடுவது

ஓர் அச்சுக்கு நான்கு பேட்கள், நான்கு எண்கள். எழுத அரை நிமிடம் போதும். சென்சார் மாற்றியதோடு, எந்தப் பேட் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். வலது முன்பக்கத்தில் உள்பேட் 4, வெளிப்பேட் 8 என்று எழுதியிருந்தால், அடுத்த முறை அந்த வண்டியைத் தொடுபவர் மீட்டரை எடுப்பதற்கு முன் ஸ்லைடு பின்களைக் கழற்றிப் பார்ப்பார்.