செல்போன் படத்தைத் தேன்மெழுகில் ஏற்றுவது

பாட்டி வீட்டை இடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் திண்ணையைச் செல்போனில் எடுத்து வைத்தேன். ஒரு தூண், பாதி சுவர், மூலையில் சாய்த்து வைத்த தென்னந்துடைப்பம், அவ்வளவுதான். கும்பகோணத்தில் இருபது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறவன், அதை அப்படியே பிரேம் போட்டு மாட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. மெழுகு வேலை பழக ஆரம்பித்ததும் முதலில் கையில் எடுத்தது அந்தப் படத்தைத்தான்.

மெழுகை உருக்கிப் பூசி, மறுபடி சூடு காட்டிப் படிய வைக்கும் இந்த முறைக்கு என்காஸ்டிக் என்று பெயர். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த, ஏறக்குறைய 1,900 வருடப் பழைய மம்மி முகப்படங்களில் பலவும் இப்படி வரைந்தவைதான். அச்சடித்த காகிதத்தின் மேல் மெழுகு என்று பார்த்தால், அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954–55இல் செய்தித்தாள் துண்டுகளை வைத்துச் செய்த கொடி ஓவியத்தைச் சொல்ல வேண்டும். உற்றுப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் அச்செழுத்து தெரியும்.

மெழுகு ஏறினால் படம் மங்கும், கொஞ்சம் மஞ்சளும் ஏறும். அதனால் கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டி ஈடுகட்ட வேண்டும். கான்ட்ராஸ்டை ‘இது ரொம்ப ஓவர்’ என்று தோன்றும் அளவுக்கு ஏற்றுங்கள். கலர் படமாக இருந்தால் நீலத்தின் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். நான் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன், பாதித் தொல்லை மிச்சம்.

பிரிண்ட் லேசர்தான், மேட் பேப்பர்தான். வழவழப்பான போட்டோ பேப்பரில் மெழுகு பிடிக்காது, நகத்தால் நெம்பினால் உரிந்து வரும். சாதாரண ஜெராக்ஸ் தாள் மெழுகு குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பின்னால் இருக்கும் பலகையின் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் கேளுங்கள். அதை 8-க்கு 10 அங்குல, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஃபெவிகால் மெலிதாகத் தடவி ஒட்டி, மேலே கனமான ஆல்பங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கேன்வாஸ் வேண்டாம். அது வளையும், மெழுகு விரிசல் விடும்.

மெழுகுக் கலவையைத்தான் அவசரப்படாமல் செய்ய வேண்டும். மெழுகுவத்தியை உருக்கினால் ஆகாது. அது பாரஃபின், நொறுங்கும். நல்ல தேன்மெழுகு 400 கிராம், குங்கிலியம் 50 கிராம். வெளிநாட்டில் டாமர் என்று விற்கும் பிசினும் நம் குங்கிலியமும் ஒரே குடும்பத்து மரங்களிலிருந்து வருகிறவை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு, வெளிறிய கட்டிகளாகப் பொறுக்கி, பொடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பக்கத்து ஊரான சுவாமிமலையில் சிலை வார்ப்புக்கு இதே தேன்மெழுகு, குங்கிலியத்தோடு கடலை எண்ணெயும் சேர்ப்பார்கள். எண்ணெய் கையால் பிடித்து உருவம் செய்யும் பதத்துக்கானது. நமக்கு மெழுகு இறுக வேண்டும், எண்ணெய் சேர்க்காதீர்கள்.

தேன்மெழுகு 63 டிகிரி வாக்கில் உருகிவிடும். குங்கிலியம் கரைய 110 டிகிரி வரை போக வேண்டியிருக்கும். கேஸ் அடுப்பின் தீயில் நேராக வைக்காதீர்கள், மின்சார ஹாட் பிளேட் வாங்குங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம். சன்னல் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். “புகை வந்துட்டா அந்த மெழுகு செத்துப்போச்சுன்னு வச்சுக்கோ, தம்பி” என்றார் சுவாமிமலைப் பட்டறையில் மெழுகு பிடிக்கும் பெரியவர் ஒருவர். மெழுகு மட்டுமா, நம் நுரையீரலுக்கும் அந்தப் புகை ஆகாது. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது; மூடியைப் போட்டு மூடி, ஸ்விட்சை அணையுங்கள். கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, பூசும்போது 80–90 டிகிரியில் வைத்துக்கொண்டால் போதும்.

பலகையை ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) வெதுவெதுப்பாக்கி, பன்றிமுடி பிரஷால் ஒரே திசையில் ஒரு கோட் பூசுங்கள். நைலான் பிரஷ் வளைந்து சுருண்டுவிடும். அப்புறம் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். மேற்பரப்பு ஈரம் பட்டது போல மினுங்கும். அந்த மினுக்கம் வந்ததுமே நகர்ந்துவிட வேண்டும். நின்றால் மெழுகு ஓடி, குளம் கட்டும். ஆற விட்டு அடுத்த கோட்டைக் குறுக்குத் திசையில் பூசுங்கள். எனக்கு நாலு கோட் சரியாக வருகிறது. ஆறு கோட் போட்டபோது துடைப்பமே காணாமல் போயிற்று. பிளேடால் சுரண்டித்தான் மீட்டேன். ஆனால் அந்தச் சுரண்டல் பார்க்க நன்றாக இருந்தது, துடைப்பம் மட்டும் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல. இப்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு மூலையில் கூடுதலாகப் பூசிச் சுரண்டுகிறேன். ஊசியால் கீறி, கீறலில் ஆயில் பெயின்ட் தேய்த்துத் துடைத்தால் கோடு நிற்கும்.

பாட்டி பால் கணக்கெழுதிய நோட்டில் ஒரு பக்கத்தைப் படத்திலிருக்கும் தூண் மேல் ஏற்ற நினைத்தேன். ஸ்கேன் செய்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். முதல் தடவை திருப்ப மறந்தேன், பாட்டி வலமிருந்து இடமாக எழுதியிருந்தார். இரண்டாம் தடவை என் பிரிண்டர் மக்கர் செய்ததால் வெளியே ஒரு கடையில் எடுத்தேன். லேசர் என்று சொல்லி இங்க்ஜெட்டில் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் பட்டதும் எல்லாம் நீலக் குழம்பு. அன்றிலிருந்து கையில் வாங்கியதும் ஓரத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிடுகிறேன்.

மெழுகு தொட்டால் வெதுவெதுப்பாகவும் நகம் பதியாமலும் இருக்கும்போது, அச்சுப் பக்கத்தைக் கீழே வைத்து, ஸ்பூனின் முதுகால் நாலு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். ஈர ஸ்பான்ஜால் தாளை ஊற வைத்து, விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். தாள் போகும், லேசர் பிரிண்டரின் மைப்பொடியான டோனர் மெழுகிலேயே தங்கும். வெள்ளையாக நார் ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், ஈரம் காய்ந்தபின் ஹீட் கன்னை மெலிதாகக் காட்டினால் மெழுகு அதைக் குடித்துவிடும்.

மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சித்திரையில் காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். முதல் சில மாதம் வெண்மையாகப் படலம் படரும். பூஞ்சை இல்லை, பழைய வேட்டித் துணியால் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். எங்கள் வீட்டில் அம்மாதான் துடைக்கிறார். துடைக்கும்போதெல்லாம் தூணில் இருக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்து, அந்த மாதம் பால்காரர் ரெண்டு படி அதிகம் எழுத வைத்துவிட்டார் என்கிறார்.