கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லாமல் ஒரு திகில் நாவலை எடைபோடுவது

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மின்சாரம் போகும், பள்ளிக்கூடம் மூடும். அப்படியொரு வாரத்தில், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான், கடைவீதியில் இருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து எடுத்துவந்த மாத நாவல் ஒன்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில் முடிக்கப் போன நேரத்தில், அதன் கடைசி எட்டுப் பக்கங்கள் கிழிந்துபோயிருப்பதைக் கண்டேன். மறுநாள் முறையிட்டபோது கடைக்காரர் சிரிக்காமல் சொன்ன பதில் இதுதான்: "படிச்ச வரைக்கும் கதை நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?" வேறு வழியில்லாமல், கொலையாளி யார், ஏன், எப்படி என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானே எழுதிப் பார்த்தேன். ஒரு நாவலை ரசிப்பது வேறு, எடைபோடுவது வேறு என்பது அன்றுதான் பிடிபட்டது. இங்கே சொல்லப்போகும் முறையும் அந்த நோட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

சஸ்பென்ஸ், ஆக்‌ஷன் நாவல்களை மதிப்பிட நினைப்பவர் அவற்றை இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதல் வாசிப்பில் பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். எல்லாரையும் போலவே வேகமாகப் படியுங்கள், ஏனெனில் இந்த வகை நாவல் அந்த வேகத்துக்காகவே எழுதப்படுகிறது. கையில் ஒரு பென்சில் மட்டும் இருக்கட்டும். நீங்களாகப் புத்தகத்தைக் கீழே வைத்த இடத்திலும், கண் தானாக நாலு வரியைத் தாண்டிய இடத்திலும் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். (அடுப்பில் பால் பொங்கியதால் வைத்த இடம் கணக்கில் சேராது.) இந்தப் புள்ளிகள் பிறகு உங்கள் அபிப்பிராயத்தைவிட நம்பகமான சாட்சிகளாக இருக்கும். நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிக்கும்போது கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெரும்பாலும் கண் தாண்டிச் செல்வது வர்ணனையை அல்ல, சண்டைக் காட்சிகளைத்தான். நாயகன் பிழைத்துவிடுவான் என்று தெரிந்தபின், அவன் எத்தனை பேரை எந்தப் பக்கம் தூக்கி எறிந்தான் என்பது யாருக்கு வேண்டும்?

கடைசிப் பத்துப் பக்கங்களை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுத்தான் நாவலைத் தொடங்க வேண்டும் என்பது என் பழக்கம். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, இதுவரை பதில் கிடைக்காத கேள்விகளையும், உங்களுக்குத் தோன்றும் முடிவையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஊகம் சரியாக இருந்தால் நாவல் தோற்றது என்று பொருள் கொள்ள வேண்டாம். முடிவு தெரிந்தும் படபடப்புக் குறையாத நாவல்கள் உண்டு. எந்த முடிவையும் எழுத முடியவில்லை என்றால்தான் சந்தேகம் எழ வேண்டும்: ஆசிரியர் தடயங்களைத் திறமையாக மறைத்தாரா, அல்லது தடயமே வைக்கவில்லையா? இதை இரண்டாம் வாசிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் வாசிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் செய்தி எந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது என்பதை. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் மேசைக்கு அடியில் வைத்த வெடிகுண்டைக் கொண்டு இதை விளக்கியது பலருக்கும் தெரிந்ததே. நான் நம் சாலையில் ஓடும் ஒரு லாரியை எடுத்துக்கொள்கிறேன். தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து கீழே இறங்கும் லாரியின் பிரேக் குழாயை யாரோ அறுத்திருக்கிறார்கள். அது நமக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாது. அவர் வழியில் கை காட்டிய ஒரு பள்ளிச் சிறுமியை ஏற்றிக்கொள்கிறார், பர்லியாரில் அவளுக்குப் பழம் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். இனி வரும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் நம் வயிற்றைப் பிசையும். அதே செய்தி நமக்கும் அவருக்கும் ஒரே நொடியில் தெரியவந்தால் கிடைப்பது அதிர்ச்சி. அது இரண்டு வரிகளில் தீர்ந்துவிடும். ஓட்டுநருக்கு மட்டும் தெரிந்து, நமக்குத் தெரியாமல், அவர் ஏன் முதல் கியரிலேயே ஊர்ந்து போகிறார் என்று நாம் விழித்தால் அது மர்மம். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் வாசகர் முந்தியிருந்தால் 'மு' என்றும், சமமாக இருந்தால் 'ச' என்றும், பின்தங்கியிருந்தால் 'பி' என்றும் குறியுங்கள். தொடக்கம் முதல் இறுதி வரை 'ச' மட்டுமே விழும் நாவல் எவ்வளவு தோட்டாக்களைச் செலவழித்தாலும் அலுப்பூட்டும். தேர்ந்த கை இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்.

இந்தக் குறிகளைப் போடும்போதே மோசடியும் அகப்பட்டுவிடும். "அவன் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தான். படித்தவன் அதிர்ந்தான்" என்று எழுதிவிட்டு, கடிதத்தில் என்ன இருந்தது என்பதை நாற்பது பக்கம் கழித்துச் சொல்லும் வழக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் நினைப்பதையெல்லாம் நமக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு தாளை மட்டும் நம் கண்ணிலிருந்து மறைப்பது நேர்மையாகாது. மறைக்கத்தான் வேண்டும் என்றால் அந்த அத்தியாயத்தை வேறொருவரின் பார்வையில் எழுதியிருக்கலாம்.

இதற்கு உறவான இன்னொரு குறை, தொடர்கதை மரபிலிருந்து வருவது. வாரப் பத்திரிகையில் வெளிவரும் கதை ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கியில் தொங்க வேண்டியிருந்தது. வாசகர் அடுத்த இதழை வாங்க வேண்டும் அல்லவா? நள்ளிரவில் கதவு தட்டப்படுவதோடு அத்தியாயம் முடியும், அடுத்த வாரம் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்டு நிற்பார். ஏழு நாள் இடைவெளியில் இது மறந்துபோகும். புத்தகமாகத் தொகுத்தபின் ஏழு நொடியில் அம்பலமாகிவிடும். எனவே அத்தியாய முடிவுகளை மட்டும் தனியே எண்ணுங்கள். எத்தனை கொக்கிகளில் உண்மையாகவே மீன் இருந்தது, எத்தனை வெறும் கொக்கி? பாதிக்கு மேல் வெறும் கொக்கியாக இருக்கும் நூலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது கடிகாரமும் தூரமும். மலையில் வாழ்பவர்களுக்கு இந்தச் சோதனை எளிது, கொஞ்சம் வேடிக்கையும்கூட, ஏனெனில் ஊட்டியைக் கதைக்களமாக வைக்கும் நாவல்களுக்குக் குறைவே இல்லை. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது; நடுவில் தண்ணீர் பிடிக்க நிற்கவும் செய்கிறது. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் இரும்புச் சட்டம்) உண்டு; எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று அவற்றை மேலே தள்ளிக்கொண்டு போகும். இந்த ரயிலில் ஒரு துரத்தல் காட்சி வந்தால், துரத்துபவன் ஏன் இறங்கி ஓடவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வில்லன் இணைப்பைக் கழற்றியதும் எஞ்சின் மேலே போய்விட, பெட்டிகள் தனியே பள்ளத்தாக்கை நோக்கி உருண்டோடுவதாக ஒரு கதையில் படித்தபோது, எங்களோடு வாசிக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "எஞ்சினே கீழ்ப்பக்கந்தானே நிக்குது, அதைத் தாண்டிப் பெட்டி எங்கப்பா உருளும்? ஒவ்வொரு பெட்டியிலயும் பிரேக் போடுற ஆளு வேற நிக்கிறான்!"

கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்கு நள்ளிரவில் கார் பறப்பதும் அப்படித்தான். 2009ஆம் ஆண்டு முதல் அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. அவசர வாகனங்களும் ஒருசில பேருந்துகளும் மட்டுமே விதிவிலக்கு. நல்ல ஆசிரியர் இதைத் தடையாகப் பார்க்காமல் வரமாகப் பார்ப்பார்: 8.40 மணிக்குக் கூடலூரைத் தாண்டும் ஒருவனுக்கு அந்தச் சோதனைச் சாவடியே போதுமான வில்லன். ஆனால் கதை 1985இல் நடக்கிறது என்றால் இந்தக் குற்றச்சாட்டு செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். தவறு கண்டுபிடிக்கும் ருசியில் மதிப்பீட்டாளர் இடறிவிடுவதும் உண்டு. ஒரு தகவல் பிழையால் கதையின் முதுகெலும்பு உடைகிறதா, அல்லது ஓரத்தில் ஒரு சிராய்ப்பு மட்டுமா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். கல்ஹட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை முப்பது என்று எழுதியவரை மன்னிக்கலாம். அந்த வளைவுகளில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் காரை இறக்கியவரை மன்னிக்க வேண்டியதில்லை.

உடலுக்கும் இதே கணக்குத்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. காலையில் சென்னையிலிருந்து வந்திறங்கிய நாயகன் மாலையில் தொட்டபெட்டா சரிவில் மூச்சிரைக்காமல் ஓடினால், அவனைப் பற்றிய மற்ற செய்திகளையும் நான் நம்பத் தயங்குவேன். தோளில் குண்டு பாய்ந்தவனுக்கு அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அடிக்கும் காயத்துக்கும் விலை இல்லாத கதையில் ஆபத்தும் இல்லை.

மொழிநடையை மதிப்பிட ஒரு குறுக்குவழி உண்டு. ஏதேனும் ஒரு பயக் காட்சியை எடுத்து, அதை வேறொரு ஊருக்கு, வேறொரு வீட்டுக்கு அப்படியே மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நானே எழுதிப் பார்த்த இரண்டு துண்டுகளைத் தருகிறேன். முதலாவது: "திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. ராகவன் உறைந்து போனான். அவன் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தான்..." இரண்டாவது: "லயன் வீட்டின் தகரக் கூரை முழுவதும் மழை அறைந்துகொண்டிருந்தது. சமையற்கட்டுக்கு மேலே, ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும், சத்தம் இல்லை." முதல் துண்டை எந்த ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் கொண்டுபோகலாம். இரண்டாவதில் யாரும் உறையவில்லை, எந்த இதயமும் அடிக்கவில்லை. கூரைமேல் ஒருவன் படுத்திருக்கிறான் என்பதை வாசகரே கண்டுபிடித்துவிடுகிறார். 'திடீரென்று' என்ற சொல்லையும் வரிசைப் புள்ளிகளையும் ஓர் அத்தியாயத்தில் எண்ணினாலே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும்.

தற்செயல் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, அவை நாயகனைச் சிக்கலில் மாட்டிவிட்டால் ஏற்கலாம், விடுவித்தால் ஏற்க முடியாது. ஆங்கிலேயப் பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்டு நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில், குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதலாவது. துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. ஆக்‌ஷன் நாவலுக்கு மற்ற எட்டும் பொருந்தாமல் போகலாம், இந்த இரண்டும் பொருந்தும்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கையில் துப்பாக்கி இருந்தும் அவன் ஏன் சுடாமல் பேசிக்கொண்டிருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். ஆனால் மலையில் நடக்கும் கதைகளில் ஒரு மலிவான வழி இருக்கிறது. அதைச் சுட்டாமல் விட முடியாது. கதை எங்காவது முட்டிக்கொண்டு நின்றால், காட்டுக்குள்ளிருந்து குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து பழியையோ தீர்வையோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். தேனெடுக்கவும் தோட்ட வேலைக்கும் போகும் மனிதர்களை நாங்கள் தினமும் பேருந்தில் பார்க்கிறோம். அவர்களை ஊர்ப்பெயர், குடும்பம், பேச்சு எதுவும் இல்லாத பூச்சாண்டியாக மட்டும் பயன்படுத்தும் நாவல், எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், என் கணக்கில் மதிப்பெண் இழக்கும்.

இவற்றையெல்லாம் குறித்தபின் மதிப்புரை எழுதுவது சுலபம். கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு அப்பால் நடப்பதைச் சொல்லாதீர்கள். குறையை நிரூபிக்க முடிவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், தொடக்கத்திலேயே எச்சரித்துவிடுங்கள். "விறுவிறுப்பு", "எதிர்பாராத திருப்பம்" ஆகிய சொற்கள் உங்கள் மதிப்புரையில் இருந்தால் அடித்துவிட்டு, உங்கள் பென்சில் புள்ளி எந்தப் பக்கத்தில் விழுந்தது, எந்தப் பக்கத்தில் விழவே இல்லை என்று எழுதுங்கள். எண்பது பக்கம் புள்ளியே இல்லாமல் ஓடியது என்பதைவிடப் பெரிய பாராட்டு இந்த வகை நாவலுக்குக் கிடையாது.

அந்தக் கிழிந்த மாத நாவலின் முழுப் பிரதி பல ஆண்டுகள் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. கணக்கு நோட்டில் நான் எழுதிய முடிவின்படி கொலையாளி தோட்டத்து மருந்துக்கடைக்காரர். அவருக்கு எதிராக மூன்று தடயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கடையில் நின்றபடியே பிரித்துப் பார்த்தேன். எட்டுப் பக்கங்களில் ஐந்து பக்கம் வாசகர் கடிதங்களும் அடுத்த மாத நாவலின் விளம்பரமும். மீதி மூன்று பக்கத்தில், அதுவரை கதையில் வந்தே இராத ஓர் இரட்டைச் சகோதரன் டெல்லியிலிருந்து வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான்.