ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் மார்கழி: நான் விட்ட பிழைகள்

நான் பென்ஷன் எடுத்த வருடம், டிசம்பர் முதலாம் திகதி. காலையில் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு நாட்களை எண்ணத் தொடங்கினேன். போயா எந்தக் கிழமை, நத்தார் எந்தக் கிழமை, நடுவில் இரண்டு நாள் லீவு போட்டால் மொத்தம் எத்தனை நாள் சேரும். தேத்தண்ணியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரிட்ட லீவு கேக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அரச சேவையில் 60 வயது வரை இருக்கலாம். 55 ஆனதும் விரும்பினால் விட்டுவிட்டு வரலாம். தனியார் வேலையில் இருந்தவர்களும் ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55இல், பெண்கள் 50இல் எடுக்கலாம். அதனால் கை கால் நன்றாக ஓடும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர். நானும் அப்படி வந்தவன்தான். கந்தோர் என்னை ஒரே நாளில் விட்டுவிட்டது. லீவுக் கணக்கு என்னை விட்டுப் போக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

மற்றப் பிழைகள் எல்லாம் இந்தக் கணக்கில் இருந்துதான் வந்தன. வேலையில் இருப்பவருக்கு டிசம்பரில் கிடைப்பது பத்து நாள். அதற்குள் கோயில், பயணம், சொந்தக்காரர் வீடு, புது உடுப்பு எல்லாம் முடிய வேண்டும். எனக்கு அந்த அவதி இல்லை. இருந்தும் நத்தார் முடிந்த மூன்றாம் நாள் வான் பிடித்துக் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குக் கிளம்பினேன். மட்டக்களப்பில் இருந்து செங்கலடி, பிபிலை, பதுளை என்று ஏறிப் போனால் இலங்கையில் பாதிப் பேர் எங்களுக்கு முன்னமே அங்கே. விடுதிக்காரர் போனில் சொன்ன வாடகை ஒன்று, நேரில் சொன்னது வேறொன்று. மூன்று நாளில் வானுக்குள் இருந்த நேரம்தான் அதிகம். அடுத்த வருடம் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மனைவியும் மட்டும் பஸ்ஸில் போனோம். ஊரே எங்களுக்கு மட்டும் திறந்து வைத்தது போல இருந்தது.

ஆக, பள்ளிக்கூட லீவில் பயணம் போகாதீர்கள். பேரப்பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் வேறு கதை, அப்போது வழியில்லை. கிழக்குக் கரைக்குத் தனிப் பருவம் உண்டு. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரைக்கும் இழுக்கும். பாசிக்குடாக் கடல் குளம் போலக் கிடப்பதும், அறுகம்பையில் அலைச்சறுக்கு நடப்பதும் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில். உகந்தைமலை முருகனுக்கு ஆடியில்தான் திருவிழா. இங்கினியாகலைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை பார்ப்பதும் வெயில் காலத்து வேலை. வேலைநாளில் போகக் கூடியவர் நீங்கள் ஒருவர்தானே, ஜூன் மாதத்துப் புதன்கிழமையை விட்டுவிட்டு டிசம்பர் மழைக்குள் ஏன் குடை பிடித்துக்கொண்டு கடல் பார்க்க வேண்டும்?

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்களே, அந்தப் பாடுமீன் விஷயத்திலும் இதேதான் நடந்தது. லண்டனில் இருந்து டிசம்பரில் வந்த தங்கச்சியின் மகன் "மீன் பாடுமா மாமா?" என்று கேட்கவும், ரோசத்தோடு இரவு பத்து மணிக்குக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். தூறல். வாவி வெள்ளத்தில் கலங்கிக் கிடந்தது. அரை மணித்தியாலம் நின்று நாங்கள் கேட்டது பக்கத்துப் புதுப்பாலத்தில் போன மோட்டார் சைக்கிள்களைத்தான். காற்று அடங்கிய பௌர்ணமி இரவில், ஏப்ரலில் இருந்து செப்டெம்பருக்குள், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டிய சங்கதி அது. பெடியன் இன்னும் என்னை நம்பவில்லை.

அதற்காக மாரியைச் சபித்துக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பதும் பிழைதான், என்னைக் கேட்டால் நுவரெலியாவை விடப் பெரிய பிழை. முப்பது வருடம் மழை என்றால் எனக்கு நனைந்த கோப்பும், வெள்ள நிவாரணப் பட்டியலும், பிந்திப் போன கையெழுத்தும்தான். மழையை மழையாகப் பார்க்க நேரம் கிடைத்தது இப்போதுதான். வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்டுவார்கள். மண்திட்டு உடைந்து வாவித் தண்ணீர் கடலுக்குள் பாய்வதைப் பார்க்கக் கரையில் ஒரு கூட்டம் நிற்கும். ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். மழை ஓய்ந்த பின்னேரங்களில் பழைய கல்லடிப் பாலத்தில் தூண்டலோடு நிற்பவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும், அவர்களே கதைக்கத் தொடங்குவார்கள். ஒன்றும் படாத நாளில்தான் கதை நீளும். அவித்த சோளன் சூடாகக் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போய் வருவதும் அப்படித்தான். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு பலர் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏறுவதையே மறந்துவிட்டார்கள். மழை விட்டிருந்த ஒரு நாள் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போனேன். பெரும்போக வேளாண்மை இரண்டு பக்கமும் பச்சை கட்டி நின்றது. முருகனைக் கும்பிட்டுவிட்டு, துறையடிக்கு வந்து அடுத்த பாதைக்குக் காத்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்று தரம் மணி பார்த்தார். பாவம், வேலையில் இருப்பவர் போல.

இனி ஆட்களின் கதை. ஓய்வு பெற்ற ஆளைக் கண்டால் ஊருக்கு ஒரு சந்தோசம். "சேர் சும்மாதானே இருக்கிறீங்க" என்று தொடங்குவார்கள். என் முதல் மார்கழியில் கோயில் திருவெம்பாவை உபயக் கணக்கு, மரண உதவிச் சங்கத்தின் வருடக் கூட்ட அறிக்கை, பாலர் பாடசாலைக் கலைவிழாவுக்குத் தலைமை என்று மூன்றுக்கும் தலையாட்டினேன். போதாததற்கு வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தங்களுக்கு வங்கி, காணிக் கந்தோர், மீன் சந்தை என்று எல்லாவற்றுக்கும் சாரதி. உத்தியோகத்தில் இருந்தபோது கூட இவ்வளவு ஓடவில்லை. திருவெம்பாவைக்கு விடியற்காலையில் சங்கு ஊதிப் பாடிக்கொண்டு வருபவர்களை வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காக ஆசை. அந்த வருடமும் பார்க்கவில்லை, கணக்குக் கொப்பியோடு கோயில் மடத்தில் இருந்தேன். இப்போது வருடத்துக்கு ஒரு பொறுப்புத்தான். கேட்ட இடத்தில் பதில் சொல்வதில்லை. "மனிசியிட்ட கேட்டுச் சொல்றன்" என்றால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

மனிசி என்றதும் ஞாபகம் வருகிறது, ஆண்கள் விடும் பிழைகளில் இதுதான் அசிங்கமானது. நாம் பென்ஷன் எடுத்துக்கொண்டு வருகிறோம், அவர்களுக்கு எடுக்க ஒன்றும் இல்லை. முன்பு காலை எட்டு மணிக்கு வெளியே போன ஆள் இப்போது நாள் முழுக்க முன்விறாந்தைக் கதிரையில் இருந்து மணிக்கொரு தேத்தண்ணி கேட்கிறது. வருடப் பிறப்புக்குப் பலகாரம் சுடும் நாளில் நான் செய்த உதவி, அடுப்படி வாசலில் நின்று "எண்ணெய் காணாது", "நெருப்புக் கூட" என்று மேற்பார்வை செய்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முறுக்கு உரலை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கதைக்கப் போய்விட்டார். முதல் தட்டில் முறுக்கு என்று சொல்லக் கூடியதாக ஒன்றும் இல்லை, எல்லாம் துண்டு துண்டாக. மூன்றாவது தட்டு பரவாயில்லை. இப்போது எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிவது நான்தான், பண்டிகை வாரத்தில் இரண்டு இரவு கடை அப்பம். அவருடைய பண்டிகை அந்த இரண்டு இரவில்தான் தொடங்குகிறது என்று எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

டிசம்பர் 26ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் இந்த நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் நாவலடியும் திருச்செந்தூரும் கல்லடிக் கரையும் போயின. காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் வருடாவருடம் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் கந்தோர் முற்றத்தில் வரிசையில் நின்றுவிட்டு மறுபடி மேசைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருக்கும்போது 9.27க்குப் பிறகு போக மேசை இல்லை, நாள் முழுவதும் அப்படியே முன்னால் இருக்கிறது. அன்று விருந்து, பயணம், ஒன்றுகூடல் எதையும் வைக்காதீர்கள். தனியாகவும் இருக்காதீர்கள். நாங்கள் காலையில் கடற்கரைக்குப் போய்விட்டு, உறவை இழந்த ஒரு வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை இருந்துவிட்டு வருகிறோம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை.

காசு விஷயம் சுருக்கமாக. பணிக்கொடை ஒரு தரம்தான் வரும், பென்ஷன்தான் மாதாமாதம் வருவது. முதல் பண்டிகையில் பணிக்கொடையில் கைவைத்து எல்லாருக்கும் உடுப்பு எடுத்தால், இரண்டாவது பண்டிகையிலும் அதையே எதிர்பார்ப்பார்கள். நான் எடுத்தேன். எதிர்பார்த்தார்கள்.

அப்புறம் தயிர்ச்சட்டி. பண்டிகை முடிய எல்லா வீட்டுப் பின்வளவிலும் வெறும் சட்டி குவிந்து கிடக்கும், மழைத்தண்ணீர் நிரம்பும், டெங்கு நுளம்பு பெருகும் பருவமும் அதேதான். கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கொண்டாட்டத்தில் கிளினிக் நாளையும் தவற விடாதீர்கள். நான் ஒரு டிசம்பர் தவறவிட்டு, ஜனவரியில் கொப்பியோடு போய் டொக்டரிடம் எருமைத் தயிர் கொஞ்சம் சாப்பிட்டதாகச் சொன்னேன். மேலே போட்ட சீனியைப் பற்றி நான் சொல்லவில்லை. கூட வந்த மனைவி சொன்னார்.