மலைநாட்டு மழைக்காலத்தில் கிராஸ் ஸ்டிட்ச்

உதகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் உட்கார்ந்து கிராஸ் ஸ்டிட்ச் (கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி வடிவத் தையலிட்டுப் படம் அமைக்கும் பூவேலை) தைக்க நேரம் நிறையக் கிடைக்கும் என்றாலும், படத்தின் அழகை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. 140 கட்டம் அகலமும் 112 கட்டம் உயரமும் கொண்ட படம், அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஐடா துணியில் 10க்கு 8 அங்குலமாக அமையும். சட்டமிடுவதற்கு நான்கு புறமும் 3 அங்குலம் விட்டால் 16க்கு 14 அங்குலத் துணி தேவைப்படும். படம் முழுவதையும் நிரப்புவதானால் 15,680 தையல்கள் ஆகும். நாளொன்றுக்கு 200 தையல் போட்டாலும் இரண்டரை மாதத்துக்கு மேல் செல்லும் என்பதால், முதன்முறை தைப்பவர்கள் உள்ளங்கையளவுப் படத்தையே எடுப்பது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கிவிடும் இவ்வூரில் கறுப்புத் துணி கண்ணுக்குப் பெருந்தொல்லை. வெள்ளைத் துணியே உகந்தது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் இழைகளை எண்ணித் தைக்கும் பூத்தையலும் (2013இல் புவிசார் குறியீடு பெற்றது) வெண்ணிறத் துணியில் சிவப்பும் கறுப்புமாகவே மிளிர்கிறது.

நூலை அட்டையில் சுற்றி, அதன் மேல் நிற எண்ணை உடனே எழுதிவிட வேண்டும், ஏனெனில் அந்த எண் உள்ள தாள்பட்டை தொலைந்துவிட்டால் அதே நிறத்தை மீண்டும் வாங்குவது மிகக் கடினம். நூலின் ஆறு இழைகளில் இரண்டை மட்டும் பிரித்துத் தைத்தபின் மீந்த நான்கையும் அதே அட்டையிலேயே சுற்றிவையுங்கள். ஈரக்காற்றில் ஊசி துருப்பிடித்துத் துணியில் நீங்காத கறை விழும்; ஆகவே வேலையை நிறுத்தும்போதெல்லாம் ஊசியைத் துணியிலிருந்து எடுத்துவிட்டு, நூலையும் துணியையும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.